வெள்ளிக்கிழமை அரிசிமா

படிவத்தில் "வெள்ளிக்கிழமை" என்று எழுதியது நான்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் என்மேல் ஒரு பிழையும் இல்லை என்று நடிக்கிறேன் என்பீர்கள். ஆனால் ஒரு மனுஷி ஒரு தடவை பேனாவால் எழுதிய ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு அரசாங்க அலுவலகம், ஒரு கந்தோர் முழுவதும் எட்டு மாதம் தொங்கியதே, அது என் பிழை இல்லை. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

நாங்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள். என் கணவர் துறைமுகக் களஞ்சியங்களில் சரக்கு எண்ணிப் பதிகிற கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சீமெந்து, மா, உரம் என்று மூட்டை மூட்டையாக இறக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணுவதுதான் வேலை. வாயில் ஒரு லேஞ்சியைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவ்வளவு வருஷமும் அந்தத் தூசை இழுத்ததில் நெஞ்சு பழுதாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சுமுட்டு, சிரித்தால் முட்டு. நெஞ்சு டொக்டர் கடைசியில் சொல்லிவிட்டார்: "மருந்து பாதி, காத்து பாதி. தூசு இல்லாத இடமாப் பார்த்துப் போங்கோ."

அதற்காகத்தான் வெள்ளவத்தைக்கு வந்தோம். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒரு லேன். இரண்டாம் மாடியில் சின்ன பிளாட், லிஃப்ட் உண்டு. பின்னேரத்தில் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வீட்டுக்குள் புகுந்து கலண்டரைப் புரட்டிவிடும். வந்து ஆறு மாதம் மனுஷன் பஃப் இழுக்கிற மருந்தைக் கையில் எடுத்தது குறைவு. அவர் வீட்டில் இருந்து சிரமம் இல்லாமல் மூச்சு விடவேண்டும். எனக்கு வேறு ஒரு ஆசையும் இருக்கவில்லை. அது நடந்துகொண்டிருந்தது.

எங்களுக்கு நேரே எதிர்வீட்டின் கீழ்த்தட்டில் ஒரு தையற்கடை இருந்தது. அது மூடப்பட்டு, அங்கே ஒரு அரைக்கிற மில் வந்தது. பெரிய ஆலை என்று நினைக்கவேண்டாம். இரண்டு மெஷின், ஒரு தராசு, சனம் இருக்க ஒரு வாங்கு. ஆனால் வெள்ளவத்தையில் அப்படி ஒன்று திறந்தால் எப்படி இருக்கும் என்று கேட்கவா வேண்டும்? கடைத் தூளை நம்பாத சனம் இது. செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் தங்கள் தங்கள் குசினியில் பதமாக வறுத்து, பையில் கட்டிக் கொண்டுவந்து, கண்ணுக்கு முன்னால் அரைபடுகிறதைப் பார்த்து வாங்கினால்தான் நிம்மதி. கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற பெட்டி ஒவ்வொன்றிலும் அந்தத் தூள் போகும். காலை ஒன்பது மணிக்கே வரிசை லேன் முனைவரைக்கும் நிற்கும்.

நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். மகள் கனடாவில். "அம்மா, இஞ்சத்தத் தூள் வாயில வைக்கேலாது" என்று அவள் சொன்னால் எந்தத் தாய் சும்மா இருப்பாள்? மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, தூளைக் கையில் வாங்கி, "நல்ல நிறமா வந்திருக்கு தம்பி" என்று மில்காரரை மெச்சிவிட்டும் வந்தேன். அந்தத் தூசு லேனைக் கடந்து, இரண்டு மாடி ஏறி, என் ஜன்னலுக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு மண்டை எனக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய்விட்டுப் பகல் பன்னிரண்டு மணிபோல் வந்தேன். கதவைத் திறந்தால் மனுஷன் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்குகிறது. வாய் பேசுகிறது, சத்தம் வரவில்லை. ஜன்னற்படியில் விரல் வைத்துப் பார்த்தேன், விரல் சிவந்தது. கீழே மெஷின் கர்கர் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தி, மருந்தைக் கொடுத்து, முதுகைத் தடவித் தடவி, அவர் மூச்சு ஒழுங்குக்கு வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த ஒரு மணித்தியாலம் நான் கும்பிட்ட கும்பிடு காலையில் கோயிலில் கும்பிட்டதைவிடக் கூட.

அன்றைக்கே கீழே இறங்கிப்போய் மில்காரரிடம் கதைத்தேன். நாற்பது வயது இருக்கும், யாழ்ப்பாணத்து ஆள், கரவு இல்லாத மனுஷன். முகத்திலும் மயிரிலும் தூள்.

"அக்கா, நான் லைசன்ஸ் எடுத்துத்தான் செய்யிறன். கதவைச் சாத்தினா உள்ளுக்க நான் செத்துப்போவன். நீங்கள் சொல்லுங்கோ, நான் என்ன செய்ய?"

"மேல ஒரு குழாய் வைச்சு, தூசை இழுத்து ஒரு பைக்குள்ள விடுற மெஷின் இருக்குதாமே?"

"அப்பிடி வைக்கச் சொல்லி எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. சுகாதாரக் கந்தோர் சொன்னா வைக்கத்தானே வேணும்."

அவர் சொன்னது நியாயம்தான். சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை. அதனால் சொல்லவைக்க நான் போனேன்.

எங்கள் பகுதிச் சுகாதாரக் கந்தோரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வேலை செய்யாத கந்தோர் என்று சொன்னால் அது பொய். டெங்கு என்று வந்துவிட்டால் அவர்கள் சூரர்கள். டோர்ச் லைட்டோடு வந்து, பூச்சட்டிக்குக் கீழே இருக்கிற தட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டை, மொட்டை மாடியில் கிடக்கிற பழைய வாளியை எல்லாம் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒருமுறை என் அந்தூரியம் சட்டியில் ஒரு கரண்டித் தண்ணீர் நின்றதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். தந்தது சரி. நான் ஒரு சொல்லும் பேசாமல் வாங்கினேன். ஒரு கரண்டித் தண்ணீரைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, லேன் முழுவதும் பறக்கிற மிளகாய் எப்படித் தெரியாமல் போனது? அதைத்தான் நான் கேட்கிறேன். தட்டில் நிற்கிற தண்ணீரைப் பார்க்கப் படிவம் இருக்கிறதாம். காற்றைப் பார்க்கப் படிவம் இல்லையாம். இதை எனக்கு ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

முறைப்பாட்டுக்கு மட்டும் படிவம் இருந்தது. கவுண்டரில் இருந்த சிங்களப் பெண் நல்ல மாதிரி. எனக்குச் சிங்களம் சரளம், அவளுக்கும் கொஞ்சம் தமிழ். என்ன முறைப்பாடு, யாருக்கு எதிராக, பாதிக்கப்பட்டவர் யார் என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ஒரு கட்டம்: பரிசோதகர் வருவதற்கு வசதியான நாள்.

நான் யோசித்தேன். செவ்வாய்க்கிழமை நான் கோயிலுக்குப் போவேன். மற்ற நாட்களில் மனுஷன் இருமி இருமிக் களைத்துப்போய் இருப்பார், வருகிறவரோடு நாலு வார்த்தை கதைக்கமாட்டார். வெள்ளிக்கிழமைகளில்தான் அவர் நன்றாக இருந்தார். முகம் தெளிந்திருக்கும், பேப்பர் வாசிப்பார், என்னோடு சண்டைகூடப் பிடிப்பார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை, நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்க வழக்கம். மரக்கறியும் சொதியும்தான். வயிறு லேசாக இருப்பதால் நெஞ்சும் லேசாக இருக்கிறது என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மகளுக்கும் அதைப் போனில் சொல்லியிருந்தேன். அந்தப் பெருமையோடு, கட்டத்துக்குள் அழகாக எழுதினேன்: வெள்ளிக்கிழமை.

பரிசோதகர் சொன்ன வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார். இளம் ஆள், சிங்களவர், மோட்டார் சைக்கிள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து இருந்தார். என் கணவர் துறைமுகத்தில் ஊறிய ஆள். அங்கே ஒரு பெரிய அதிகாரி களஞ்சியத்துக்குள் காலடி வைத்தால், மூட்டை சரிந்து காலில் கிடந்தாலும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லித்தான் பழக்கம். பரிசோதகர் சிங்களத்தில் "எப்படி அங்கிள், சுகமா?" என்று கேட்டதுதான் தாமதம், மனுஷன் எழும்பி நின்று, "பிரஷ்ணயக் நே மாத்தயா" என்றார். ஒரு பிரச்சினையும் இல்லையாம், ஐயா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பார்த்த பார்வையில் மனுஷன் மெல்லக் கதிரையில் இருந்துவிட்டார்.

பரிசோதகர் கீழே போனார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மில் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மெஷின் நெற்றியில் திருநீறு, சந்தனம், ஒரு நித்தியகல்யாணிப் பூ. மெஷின் வாயால் வெள்ளை வெளேர் என்று அரிசிமா கொட்டிக்கொண்டிருந்தது. வாங்கில் இரண்டு பேர் இடியப்ப மாவுக்குக் காத்திருந்தார்கள். பரிசோதகர் உள்ளே மூச்சை இழுத்துப் பார்த்தார், சுவரைத் தடவிப் பார்த்தார், எழுதினார், போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய்ந்து கீழே போனேன்.

"தம்பி, வெள்ளிக்கிழமை நீர் மிளகாய் அரைக்கிறேல்லையோ?"

"இல்லை அக்கா. எங்கட அப்பாட காலத்தில இருந்து வெள்ளிக்கிழமை உறைப்பு அரைக்கிறேல்லை. வியாழன் பின்னேரமே கழுவி விட்டிடுவன். வெள்ளிக்கிழமை அரிசிமா மட்டுந்தான்."

நான் அந்த வாங்கிலேயே இருந்துவிட்டேன். அவர்கள் சாமிக்காக உறைப்பை நிறுத்தினார்கள். நான் என் சாமிக்காக இறைச்சியை நிறுத்திவிட்டு, அதுதான் மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷனுக்குச் சுகமாக இருந்தது என் மரக்கறியால் இல்லை, இவருடைய அரிசிமாவால். சிரிப்பதா அழுவதா? மேலே வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்து முட்டும் வந்தது.

"சரி, வேற நாளா மாத்தச் சொல்லும். இதுக்கேன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறீர்?" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாளை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம்?

கவுண்டரில் கேட்டால், முறைப்பாட்டுக் கோவையில், அந்த ஃபைலில், பதிந்த நாளை மாற்ற இயலாதாம். ஏன்? எங்கள் லேனுக்குப் பரிசோதகரின் வெளிவேலை நாள் வெள்ளிக்கிழமை என்று நான் கேட்டபடியே ஒழுங்குபண்ணியாயிற்றாம். "வேற மிஸ்மார் எல்லாம் நாங்க சொல்லுற நாளுக்குத்தான் இருக்கோணும். உங்களுக்குத்தான் கேட்ட நாளே கிடைச்சது" என்றாள் கவுண்டர்ப் பெண், எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி. பரிசோதகரைப் பிடித்துக் கேட்டேன். "அம்மா, செவ்வாய் நான் வேறு பகுதியில். வெள்ளிக்கிழமை மில் ஓடுகிறதுதானே, நான் என் கண்ணால் பார்த்தேனே" என்றார். ஓடுகிறது ஐயா, ஓடுகிறது, ஆனால் அது அரிசி! அதைச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தார். எந்த நாள் என்று சொல்லவேண்டுமா? திரும்பவும் திருநீறு, சந்தனம், அரிசிமா. திரும்பவும் "குறிப்பிடத்தக்க தூசு இல்லை".

நான் கொட்டாஞ்சேனையில் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு ஒரு சுகாதார ஓவசியர் வருவார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் வரிசையாக இருந்த இடத்தைத்தான் தோட்டம் என்போம், ஒரு மரமும் இருக்கவில்லை. அந்த மனுஷன் எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது. மழையிலும் வருவார், பெருநாளிலும் வருவார். வந்து சாக்கடைக் கானுக்குமேல் குனிந்து மணந்து பார்ப்பார். அவரைக் கண்டால் எங்கள் தாய்மாருக்கு எரிச்சல், வாய்க்குள் திட்டுவார்கள். இப்போது நினைத்துப் பார்த்தால், நாள் சொல்லாமல் வந்ததுதான் அந்த மனுஷன் எங்களுக்குச் செய்த பெரிய உபகாரம்.

நான் விடவில்லை. ஒரு திங்கட்கிழமை ஒரு வெள்ளைத் துணியால் ஜன்னற்படியையும் திரைச்சீலையையும் துடைத்து, அந்தத் துணியை அப்படியே ஒரு ஷொப்பிங் பைக்குள் கட்டிக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். மேலதிகாரி ஒருவரின் மேசையில் வைத்து அவிழ்த்தேன். அந்த ஆள் தொடர்ந்து ஐந்து தும்மல் தும்மினார். கண்ணால் தண்ணீர்.

"இதைத்தான் என்ர மனுஷன் ஒவ்வொரு நாளும் இழுக்கிறார், சேர்!"

அதற்குப் பிறகுதான், மாதத்துக்கு ஒருமுறை பகுதிச் சுகாதாரக் குழு ஒன்று கூடுகிறது, அங்கே வந்து சொல்லலாம் என்றார்கள். அப்படி ஒன்று இருப்பதையே ஒருவரும் அதுவரை எனக்குச் சொல்லவில்லை. சுகாதார வைத்திய அதிகாரிதான் தலைவர், பரிசோதகர்கள் இருப்பார்கள், குடியிருப்பவர்கள் சார்பாகவும் ஆட்கள் இருப்பார்கள். எங்கள் லேன் சார்பாக இருந்தது யார் தெரியுமா? என் பிளாட்டுக்குக் கீழ் பிளாட்டில் இருக்கிற பெண். எனக்கு மகள் மாதிரி. என்னை அன்ரி என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் முதல்நாளே போனேன்.

"பிள்ளை, நாளைக்குக் கூட்டத்தில நீ ஒரு வார்த்தை சொல்லு. உன்ர வீட்டுக்குள்ளயும்தானே தூசு வருது?"

"ஐயோ அன்ரி, வருதுதான். ஆனா என்ர தம்பி வாற கிழமை லண்டனுக்குப் போறான். தூள் இன்னும் அரைக்கேல்லை. இப்ப நான் போய் மில்லுக்கு எதிராக் கதைச்சா, எனக்கு ஆர் அரைச்சுத் தாறது? இரத்மலானை மில்லுக்கோ போறது?"

கூட்டத்தில் அவள் ஒன்றும் பொய் சொல்லவில்லை. "லேனில் வேறு முறைப்பாடு வரவில்லை" என்று மட்டும் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த ஆத்திரம் கூட, ஏனென்றால் அதே வரிசையில் அதே நினைப்போடு நின்றவள் நான். ஆனால் ஒன்று கேட்கிறேன். தூள் தேவைப்படுகிற சனம் தூளைத்தான் நினைக்கும். அதனால்தானே காற்றை நினைக்க ஒரு கந்தோர் வைத்திருக்கிறது? எல்லாரும் கையெழுத்து வைத்தால்தான் ஒருவருடைய மூச்சு முட்டுகிறது என்று நம்புவார்கள் என்றால், அந்தக் குழு எதற்கு, அந்த மேசை எதற்கு, பிஸ்கட்டும் தேத்தண்ணியும் எதற்கு?

இதை நான் அங்கேயே சொன்னேன். மெல்லமாகவும் சொல்லவில்லை. வைத்திய அதிகாரி அம்மா கையை உயர்த்தி, "சரி, சரி, அடுத்த மாதம் குழுவாகவே வந்து பார்க்கிறோம். பாதிக்கப்பட்டவர் இடத்தில் இருக்கவேண்டும்" என்றார்.

அடுத்த மாதம்! கந்தோருக்கு அது ஒரு பக்கம் புரட்டுகிற காலம். எங்களுக்கு நாலு திங்கள், நாலு செவ்வாய், நாலு புதன். ஜன்னலை முழுநாளும் சாத்தி, துவாயை நனைத்துக் கதவிடுக்கில் அடைத்து, ஃபேனையும் போடாமல் வேர்த்து வழிந்துகொண்டு இருந்தோம். கடலுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தவர்கள் கடற்காற்றுக்குக் கதவைச் சாத்தினோம். மூன்றாவது கிழமை, ஒரு புதன்கிழமை காலை, மனுஷன் குளியலறையில் சுவரோடு சரிந்துவிட்டார். உதடு நீலம். ஓட்டோவில் மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு நாள் வைத்திருந்தார்கள். விடும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த லேனுக்கு இவரைத் திரும்பக் கொண்டுபோனா, அடுத்த முறை நான் பொறுப்பில்லை" என்றார்.

எங்கே கொண்டுபோவது? கொட்டாஞ்சேனையில் அவருடைய தங்கச்சி வீடு. ஒரு அறை, ஒரு ஹோல், அதற்குள் ஐந்து பேர். ஹோலில் அவருக்கு ஒரு கட்டில் போட்டார்கள். எனக்கு இடம் இல்லை. இருந்தாலும் தரையிலாவது படுத்திருப்பேன். படுக்கவில்லை. ஏன் தெரியுமா? நானும் வெள்ளவத்தையை விட்டுப் போய்விட்டால், முறைப்பாடு செய்தவளே இல்லை என்று கோவையை மூடிவிடுவார்கள் என்ற பயம். அந்தக் கோவையைச் சாகவிடாமல் வைத்திருக்க நான் தனியாக அந்தத் தூசுக்குள் இருந்தேன். பஸ் ஏறிப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். களஞ்சியமும் லொறியும் வேண்டாம் என்று விட்டுவந்த இடத்துக்கே அந்த மனுஷனைத் திருப்பி அனுப்பியிருந்தேன். அங்கே அவருக்கு இங்கேயைவிடச் சுகமாக இருந்தது.

குழு வந்தது. வெள்ளிக்கிழமை வைத்திய அதிகாரிக்கு கிளினிக் இருந்ததால் செவ்வாய்க்கிழமை வந்தார்கள். நான் கத்திக் கேட்டுக் கிடைக்காத செவ்வாய், அவருக்கு கிளினிக் இருந்ததால் கிடைத்தது. நான் கோயிலுக்குப் போகவில்லை. இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. மில்காரர் வழக்கம்போல் வேலையைச் செய்துகொண்டிருந்தார், ஒன்றையும் மறைக்கவில்லை. வைத்திய அதிகாரி அம்மா வாசலில் காலை வைத்ததும் இருமத் தொடங்கினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு லேனின் மற்றப் பக்கம் ஓடிவிட்டார். பரிசோதகர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"இப்ப தெரியுதோ?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க ஏலவில்லை.

"இதற்கு ஒரு வழி செய்யத்தான் வேண்டும்" என்றார் வைத்திய அதிகாரி, தண்ணீர் குடித்துக்கொண்டே. என் கையைக்கூடப் பிடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசை இழுக்கிற குழாய் வைத்தாகிவிட்டது, ஜன்னலைத் திறந்தாகிவிட்டது, மனுஷன் பேப்பரோடு கதிரையில் இருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது.

"பாதிக்கப்பட்டவர் எங்கே? பார்க்கவேண்டும்."

"அவர் கொட்டாஞ்சேனையில, டொக்டர். ஆஸ்பத்திரியால வந்து இஞ்ச இருக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டினம்."

பரிசோதகர் தலையை ஆட்டி, குனிந்து எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. மூன்று மொழியிலும் தலைப்பு, நல்ல தடித்த தாள். "மேற்படி முறைப்பாட்டில் பாதிக்கப்பட்டவராகக் குறிப்பிடப்பட்டவர் தற்போது அவ்விலாசத்தில் வசிக்கவில்லை எனக் கள ஆய்வில் உறுதிப்படுத்தப்பட்டமையால், முறைப்பாடு இத்துடன் முடிவுறுத்தப்படுகின்றது." அரைக்கும்போது கதவை இயன்றளவு சாத்திவைக்கும்படி மில்காரருக்கு ஆலோசனை வழங்கப்பட்டதாம்.

நாலு தரம் வாசித்தேன். பிறகு அவருக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். எல்லாருக்கும் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்கிற மனுஷன், கடிதத்தைத் திரும்ப ஒருக்கால் வாசிக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால் லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது.

"நான் வாறன்," என்றார்.

"வந்து?"

"வந்து அவங்களுக்கு முன்னால இருமிக் காட்டுறன். அப்ப நம்புவாங்கள்தானே."

"வாயை மூடுங்கோ!" என்று கத்திவிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் அவரை அப்படி நான் சொன்னதில்லை. அழுதுகொண்டே போனை வைத்தேன்.

அடுத்தநாள் காலையில் கந்தோர் திறக்க முன்னரே வாசலில் நின்றேன். அதே கவுண்டர், அதே பெண். கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"இதை எழுதினது ஆர்? அவர் அங்க இல்லை எண்டு எழுதத் தெரிஞ்ச ஆளுக்கு, ஏன் இல்லை எண்டு கேக்கத் தெரியாதோ?"

அவள் வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாத முகம். உண்மையாகவே எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தாள்.

"நல்லதுதானே மிஸ்? உங்கட மாத்தயாவுக்கு இப்ப சுகம்தானே?"

பின்னால் வரிசையில் நின்ற சனம் எல்லாம் கேட்கட்டும் என்று சிங்களத்திலேயே சொன்னேன்: "சுகம்தான் மகள். அவர் தங்கச்சி வீட்டு ஹோலில் சுகமாக இருக்கிறார். நான் இங்கே ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியே சமைத்து, தனியே சாப்பிட்டு, தனியே படுக்கிறேன். அதை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள் எழுதவேண்டும்?"

அவள் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, விரலால் வரி வரியாகத் தேடினாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பகிடிக்கு இல்லை, உண்மையாகவே தேடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அதுக்கு இடம் இல்லை மிஸ்."

நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். எந்தக் கட்டத்தையும் நிரப்பவில்லை. தாளின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, எல்லாக் கட்டங்களுக்கும் மேலாக, தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன்: "என் புருஷனை வீட்டுக்கு அனுப்புங்கள்." எழுதி அவள் முன்னால் தள்ளிவிட்டு, முத்திரை குத்தச் சொன்னேன். இப்படி எடுக்க ஏலாது என்றாள். மேலதிகாரி வந்தார், அவரும் ஏலாது என்றார். ஏலும்வரைக்கும் நான் இங்கேதான் என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்ற சனம் ஒருவரும் என்னைத் தள்ளவில்லை. பத்தரை மணிக்கு அவள் முத்திரையை எடுத்துக் குத்தினாள்.